இடப்பக்க அறையா, வலப்பக்க அறையா?

கடலில் போகும் பெரிய கப்பலில் எந்தப் பக்கத்து அறை கிடைத்தாலும் ஒன்றுதான். இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். நதியில் போகும் சின்னக் கப்பலில் அப்படி ஏனோதானோவென்று விட்டுவிட முடியாது. இரண்டு கரையும் கூடவே வரும். ஒரு கரையில் படித்துறையும் கோபுரமுமாக இருக்கும்போது மறுகரையில் வெறும் மணல்மேடு இருக்கும். கங்கா விலாஸ் கப்பலில் போகத் தலைக்கு ஏறத்தாழ 20 லட்ச ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவைக் கட்டிவிட்டு, நல்ல காட்சியெல்லாம் எதிர் அறைக்காரருக்குப் போய், நம் ஜன்னலில் எருமை மட்டும் தெரிந்தால் வயிறு எரியாதா? அதில் அறை எடுக்க நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவைப்பது தர்மம் என்று பட்டது.

கப்பலை மறந்துபோனவர்களுக்காக: 2023 ஜனவரி 13 அன்று பிரதமர் காணொலியில் கொடியசைத்து வாரணாசியிலிருந்து வழியனுப்பிய சொகுசுக் கப்பல் அது. 62 மீட்டர் நீளம், மூன்று தளம், 18 சூட், 36 பயணிகள். காசியில் ஏறினால் அறிவிப்பின்படி 51 நாள், 3,200 கிலோமீட்டர், 27 நதிகள், நடுவில் வங்கதேசம், கடைசியில் அசாமின் திப்ரூகர். உலகிலேயே நீளமான நதிக் கப்பல் பயணம் என்று மார்தட்டினார்கள். முதல் பயணத்தில் வந்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 32 பேர். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சொந்தக் காசில் ஊர் பார்க்க வந்தவர்கள். அந்த 36 கட்டிலைக் காட்டி, ‘பார்த்தாயா, நாடு எங்கேயோ போய்விட்டது’ என்று கரையில் நின்ற கோடிக்கணக்கானவர்களிடம் சொன்னார்களே, அவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

காசியை விட்டுக் கிளம்பும்போது இடப்பக்க அறைக்குத்தான் யோகம். கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில். அஸ்ஸி, ஹனுமான் காட், கேதார் காட், தசாஸ்வமேதம், மணிகர்ணிகை என்று வரிசையாக ஜன்னலைக் கடக்கும். மணிகர்ணிகையில் பிணம் எரிவதைக் கட்டிலில் சாய்ந்தபடியே பார்க்கலாம். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் புகை உள்ளே வராது. காசியில் செத்தால்தான் மோட்சம் என்று நம் பாட்டிமார் நம்பியது ஏசி வருவதற்கு முந்தைய ஏற்பாடு.

கேதார் காட்டைக் கடக்கும்போது கொஞ்சம் கீழே குனிந்து பாருங்கள். நம்மூர் யாத்ரீகர்கள் படியிறங்கும்போதே, “வாங்க சாமி, அஞ்சு காட்டும் காமிக்கிறேன், சங்கல்பத்துக்கு நிறுத்தித் தரேன்” என்று தமிழிலேயே கூப்பிடும் படகோட்டிகள் அங்கேதான் இருப்பார்கள். பரம்பரைப் படகோட்டிகளான நிஷாத் குடும்பங்கள். அப்பன் பிடித்த துடுப்பை மகன் பிடித்து, நம் பாஷையை நம் கிழவிகளிடமே கற்றுக்கொண்டவர்கள். காசிக்கு வந்த தமிழனின் அஸ்தி அவர்கள் படகில்தான் நடு ஆற்றுக்குப் போயிருக்கிறது. 2018-ல் அலக்நந்தா என்ற முதல் சொகுசுப் படகு வந்தபோதே, எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று படகுகளைக் கரையில் கட்டிவைத்துப் போராடினார்கள். சுற்றுலா வளர்ந்தால் உங்களுக்கும் நல்லதுதான் என்று அவர்களுக்குச் சமாதானம் சொல்லப்பட்டது. நல்லதுதான். பெரிய கப்பல் கிளப்பும் அலையில் சின்னப் படகு ஆடும்போது யாத்ரீகருக்கு ஊஞ்சல் சுகம் இலவசம்.

அதே நீரில் ஆமைகளும் இருந்தன. அரைகுறையாக எரிந்து ஆற்றில் விடப்படும் உடல்களைத் தின்று தீர்க்கட்டும் என்று, 1986-ல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்தில் அரசாங்கமே வளர்த்து விட்ட ஆமைகள். ராம்நகர் கோட்டையிலிருந்து மாளவியா பாலம் வரை ஏழு கிலோமீட்டர் நீர்ப்பரப்பை 1989-ல் அவற்றுக்குச் சரணாலயம் ஆக்கினார்கள். சரணாலயம் என்றால் மணல் அள்ள முடியாது, நினைத்தபடி கனத்த கப்பல் விட முடியாது. 2020-ல் அந்த இடத்தைச் சரணாலயப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆமைகள் முன்பதிவு செய்திருக்கவில்லை.

அடுத்தது தளம். சின்னக் கப்பலில் பின்கோடி அறையை எடுக்காதீர்கள். இன்ஜின் உறுமல் மெத்தை வழியாக முதுகில் ஏறும். முன்கோடியும் வேண்டாம், நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். உணவறைக்கு மேலேயோ மாடிப்படி ஓரமாகவோ கிடைத்தால் தட்டுச் சத்தமும் செருப்புச் சத்தமும். நடுவில், மேல்தளத்தில் கேளுங்கள். மேல்தளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழ்த்தள ஜன்னல் கரையில் துணி துவைப்பவளின் கண்மட்டத்துக்கு வந்துவிடும். அவள் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பாள். நீங்கள் காபிக் கோப்பையோடு அவளைப் பார்ப்பீர்கள். இரண்டு பேரில் யார் காட்சி, யார் பார்வையாளர் என்று குழப்பம் வரும். மேலே இருந்தால் அந்த வம்பே இல்லை. அவள் கிராமத்து வாழ்க்கையின் அழகாகிவிடுவாள்.

எல்லா அறைக்கும் பிரெஞ்சு பால்கனி உண்டு. பெயரில் பால்கனி, நிற்க இடம் கிடையாது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி, அவ்வளவுதான். அரசாங்க அறிவிப்புகளைப் படித்துப் பழகிய இந்தியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; வெளிநாட்டுக்காரர்கள்தான் ஏமாந்துபோவார்கள்.

குளியலறைக்கு வருவோம். இந்தக் கப்பலின் உண்மையான அதிசயம் அங்கேதான் இருக்கிறது. பயணிகளின் கழிவு ஒரு சொட்டுக்கூட கங்கையில் கலக்காதபடி கப்பலுக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறார்கள். குளிக்கும் நீரும் கங்கை நீர்தான், ஆனால் வடிகட்டி இயந்திரத்தில் ஏறி இறங்கிய பிறகே ஷவருக்கு வரும். கப்பல் கம்பெனியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தது சரி. என் கேள்வி வேறு. 18 அறைக்குச் செய்ய முடிந்ததை, 18 அறைக்கு வெளியே ஏன் செய்யவில்லை?

கப்பலுக்குக் கொடியசைத்த ரவிதாஸ் காட் பக்கத்திலேயே நக்வா கால்வாய் கங்கையில் விழுகிறது. அஸ்ஸி நதி என்று புராணத்தில் பெயர் வாங்கிய அதுவே சாக்கடையாகிப் பல காலம் ஆயிற்று. 1986-ல் ஒரு பிரதமர் கங்கையைச் சுத்தம் செய்யப் புறப்பட்டார். 2014-ல் இன்னொரு பிரதமர், கங்கை அன்னை என்னை அழைத்தாள் என்று காசியில் வந்து நின்று வென்று, 20,000 கோடி ரூபாயில் ‘நமாமி கங்கே’ அறிவித்தார். பிறகும் நகரங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் சாக்கடையைத் தாய்க்குக் காணிக்கையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. 2025 பிப்ரவரியில், கும்பமேளா நடந்துகொண்டிருந்தபோதே, பிரயாக்ராஜில் பல இடங்களில் மலக்கிருமி அளவு குளிக்கத் தகுந்த வரம்பைத் தாண்டிவிட்டது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. உத்தரப் பிரதேச முதல்வர் உடனே சட்டமன்றத்தில் எழுந்து, குளிப்பதென்ன, அள்ளி ஆசமனமே செய்யலாம் என்றார். வாரியமும் அரசாங்கம், முதல்வரும் அரசாங்கம். முழுக்குப் போட்ட ஏழைக்கு மட்டும் வடிகட்டி இல்லை.

கரையில் இருப்பவனுக்குப் பக்தி. கப்பலில் இருப்பவருக்கு ஃபில்டர். இந்த நாட்டில் சுத்தமான தண்ணீர் என்பது டிக்கெட்டின் வகுப்பைப் பொறுத்தது.

வாரணாசி தாண்டியதும் ஜன்னல் பக்கம் மாறிவிடும், கவனம். இனிமேல் வலப்பக்கக்காரர்கள் எழுந்து உட்கார வேண்டும். காஜிப்பூரைக் கடந்து பீகாருக்குள் நுழையும் இடத்தில், பக்ஸருக்குக் கொஞ்சம் முன்னால், சௌசா என்று ஓர் ஊர் வலக்கரையில் வரும். 1539-ல் ஹுமாயூனை ஷேர் ஷா தோற்கடித்த இடம், ஹுமாயூன் ஆற்றில் குதித்துத் தப்பினார் என்று வழிகாட்டி சொல்வார். பயணிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

2021 மே 10-ஐ வழிகாட்டி சொல்வாரா என்று தெரியாது. அன்று சௌசா படித்துறையில் பிணங்கள் ஒதுங்கின. ஊதிப்போய், நாய்கள் இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக. 71 உடல்களை எடுத்ததாக பீகார் அதிகாரிகளே கணக்குச் சொன்னார்கள். கொரோனா இரண்டாம் அலை. ஆக்சிஜன் இல்லை, படுக்கை இல்லை, கடைசியில் எரிக்க விறகும் இல்லை. விறகு விலை கொடுக்க முடியாதவர்கள் பெற்றவர்களை, பெற்ற பிள்ளைகளை ஆற்றில் விட்டார்கள். இவை எங்கள் பிணங்கள் இல்லை, மேலே உத்தரப் பிரதேசத்திலிருந்து மிதந்து வந்தவை என்றது பீகார். என்ன செய்தார்கள் தெரியுமா? மாநில எல்லையில் ஆற்றின் குறுக்கே வலை கட்டினார்கள். மீன் பிடிக்கும் ஆற்றில் பிணம் பிடிக்க வலை. இரண்டு வருஷம் ஆவதற்குள் அதே நீரில், அதே எல்லையில், சொகுசுக் கப்பல் தடையில்லாமல் நுழைந்தது. இந்தத் தடவை மாலை, மேளம், வரவேற்பு.

உயிரோடு இருந்தவரைக்கும் அவர்களைப் போன்ற எத்தனையோ பேருக்கு இந்த நாடு ஓர் அறை ஒதுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் கேட்டார்கள், இல்லை என்றார்கள். ஐசியு கேட்டார்கள், சிரித்தார்கள். பிணவறைகூட நிரம்பி வழிந்தது. இதையெல்லாம் எழுதும்போது நையாண்டி தொண்டையில் மாட்டிக்கொள்கிறது. சரி, அறைக்குத் திரும்புவோம்.

அறையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் உயிர்காப்பு அங்கி இருக்கும். புகை கண்டுபிடிக்கும் கருவியும், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாயும் உண்டு. அங்கியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தில் பாட்னா வரும்போது அதை ஒருமுறை கையில் எடுத்தும் பாருங்கள். 2017 ஜனவரி 14, மகர சங்கராந்தி. மாநிலச் சுற்றுலாத் துறை ஆற்றுக்கு அக்கரையில் சபல்பூர் மணல்திட்டில் பட்டம் விடும் விழா வைத்து ஊரைக் கூப்பிட்டது. கூட்டம் போய்விட்டது, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவரப் போதுமான படகு இல்லை. கிடைத்த படகில் அடைந்து ஏறினார்கள். கரைக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்து குறைந்தது 24 பேர் செத்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட இல்லை. சுற்றுலாத் துறை நடத்திய சுற்றுலா அது. ஆறு வருஷம் கழித்து, அதே சங்கராந்தியை ஒட்டி நாள் பார்த்துத்தான் கங்கா விலாஸுக்குக் கொடியசைத்தார்கள். நல்ல நாள் பார்த்துக் கொடுத்த ஜோசியர் யாரோ.

சின்னக் கப்பலில் எதிர்பார்க்க வேண்டியது என்ன என்று கேட்பவர்களுக்கு: நீச்சல் குளம், சூதாட்ட அறை, மேடை நாடகம் எதுவும் இருக்காது. ஸ்பா உண்டு, சின்ன ஜிம் உண்டு, நூலகம் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே உணவறையில் சாப்பிட வேண்டும். தனியாகப் போகிறவர் இரண்டு பேர் அறைக்கு ஏறக்குறைய இரண்டு பேர் காசைக் கட்ட வேண்டிவரும். உலகம் முழுக்க இந்த வியாபாரத்தில் தனிமைக்கு அபராதம் உண்டு. அலை கிடையாது, ஆகவே குமட்டல் கிடையாது. ஜனவரியில் கங்கைச் சமவெளியில் மூடுபனி இறங்கினால் பத்து மணி வரைக்கும் கப்பல் நகராது. அப்போது பிரெஞ்சு பால்கனிக் கதவைத் திறந்தால் வெள்ளையாக ஒரு சுவர் தெரியும், அதற்குப் பின்னாலிருந்து யாரோ இருமும் சத்தம் வரும். அதையும் அனுபவப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் ஆழம் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்தக் கப்பலுக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழம் போதும். பகீரதன் தவமிருந்து வானத்திலிருந்து இறக்கிய நதியில் மார்பளவு தண்ணீர் இருந்தாலே கப்பல் போய்விடும் என்பதைச் சாதனையாகச் சொல்கிறார்கள். அந்த மார்பளவும் இல்லாத இடங்களில் மணலைத் தோண்டியும், மூங்கில் தட்டி கட்டி நீரோட்டத்தைத் திருப்பியும் வழி செய்கிறது நீர்வழி ஆணையம். அப்படியும் கிளம்பின மூன்றாம் நாளே, சாப்ரா அருகே டோரிகஞ்சில் கப்பல் தரைதட்டி நிற்கிறது என்று செய்தி பரவியது. மறுப்பு உடனே வந்தது: கப்பல் சிக்கவில்லை, கரைக்கு வர ஆழம் இல்லாததால் நடு ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கிறது, பயணிகள் சின்னப் படகுகளில் ஏறி சிராந்த் அகழாய்வு இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், அவ்வளவுதான். நம்புகிறேன். நம் நாட்டில் எதுவுமே சிக்குவதில்லை. பொருளாதாரம்கூட நங்கூரமிட்டுத்தான் நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் அந்தச் சின்னப் படகுகள். உலகிலேயே நீளமான பயணம் போகும் சொகுசுக் கப்பலிலிருந்து மனிதனைக் கரை சேர்க்க, கடைசியில் ஒரு சின்னப் படகும் அதை ஓட்டத் தெரிந்தவனும் வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டில் வந்த சண்டையைச் சொல்லாமல் விடக்கூடாது. கப்பலில் அசைவம் கிடையாது, மது கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆனால் ஊரெல்லாம் அதே பேச்சு. புனித கங்கையில் பார் வைத்த கப்பலா என்று உத்தரப் பிரதேச எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அகிலேஷ் யாதவ் கிளப்பினார். பாரே இல்லை என்று கப்பல்காரர்கள் பதறினார்கள். தொலைக்காட்சிகள் அதைக் கடைந்தன. ஆற்றில் விழும் சாக்கடையைப் பற்றிய பேச்சு அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. அகிலேஷும் அந்த மாநிலத்தை ஐந்து வருஷம் ஆண்டவர்தானே. கங்கையில் மலம் கலக்கலாம், பிணம் மிதக்கலாம். மதுக்கோப்பை மட்டும் மேலே மிதக்கும் கப்பலில் இருந்துவிடக் கூடாது. இப்படியொரு புனிதத்தைக் காப்பாற்ற இரண்டு கட்சிகள் வேண்டியிருந்தன.

பாகல்பூர் பக்கம் வரும்போது மேல்தளத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். சுல்தான்கஞ்சில் கங்கைக்கு மேல் ஒரு பாலம் வருஷக்கணக்கில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. 1,700 கோடி ரூபாய்க்கு மேல். 2022 ஏப்ரலில் ஒரு பகுதி விழுந்தது. காற்றடித்ததால் விழுந்தது என்று சொல்லக்கூட ஆள் இருந்தார்கள். கங்கா விலாஸ் அந்த வழியே போன வருஷமே, 2023 ஜூன் 4-ல், பெரிய துண்டு ஒன்று ஆற்றுக்குள் சரிந்ததை நாடே வீடியோவில் பார்த்தது. 2024 ஆகஸ்டில் மூன்றாவது முறை. கப்பல் அடியில் போகும்போது ஒன்றும் விழவில்லை. சுவிட்சர்லாந்துக்காரர்களின் சாமி கொஞ்சம் பலமான சாமி.

அங்கிருந்து கஹல்காவ் வரை டால்பின் சரணாலயம். தேசிய நீர்வாழ் விலங்கு என்று 2009-ல் பட்டம் கொடுத்த கங்கை டால்பினுக்கு ஏறக்குறையக் கண் தெரியாது. ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் வழி, இரை எல்லாம். கப்பல்களின் இரைச்சல் கூடக் கூட அது படும் பாட்டை ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதிவிட்டார்கள். பயணிகளுக்கு அதைப் பார்க்க வேண்டும், அதனால் இன்ஜினோடு கிட்டப் போக வேண்டும். குருடனைப் பார்க்கப் போகிறவன் பறையடித்துக்கொண்டு போன கதை.

அடுத்து ஃபராக்கா அணை. இங்கே ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது உண்டு, பயணத்திட்டத்தில் இருக்காது. 1975-ல் இந்த அணை வந்த பிறகு கடலிலிருந்து அலகாபாத் வரைக்கும் ஏறிப்போன ஹில்சா மீன் மேலே போக முடியாமல் நின்றது. பீகாரின் மீனவக் குடும்பங்கள் ஒரு தலைமுறைக்குள் கூலிக்குப் போயின. மீனுக்கு அடைத்த வாசல் கப்பலுக்குத் திறக்கும். கப்பலுக்கென்று பூட்டு வாய்க்கால் இருக்கிறது: கதவு திறக்கும், உள்ளே போய் நின்றால் கதவு மூடும், தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கும், மறுகதவு திறக்கும். பயணிகள் கைதட்டி ரசிப்பார்கள். அணைக்கு மேலே மால்டாவிலும் கீழே முர்ஷிதாபாத்திலும் ஆறு கரையைத் தின்றுகொண்டே போகிறது. சம்ஷேர்கஞ்ச் பக்கம் காரை பூசிய மாடி வீடு, வீட்டுக்காரர் சாமான்களை வெளியே எடுத்து முடிப்பதற்குள் முழுசாக ஆற்றில் சரிந்து விழும். மறுநாள் பள்ளிக்கூடம். அடுத்த வாரம் மசூதியோ கோயிலோ. ஆறு மதம் பார்ப்பதில்லை. மத்திய அரசு மாநில அரசைக் காட்டும், மாநில அரசு மத்திய அரசைக் காட்டும், நடுவில் நாலு மணல் மூட்டை. நதியோரக் காட்சியுள்ள அறைக்கு நீங்கள் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி ஒரே ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

வங்கதேசத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வீட்டுச் சுவரில் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. சுந்தரவனம், டாக்கா, பிறகு பிரம்மபுத்திரா. 2023 பிப்ரவரி 28-ல் கப்பல் திப்ரூகர் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் அமைச்சர், அங்கேயும் வரவேற்பு, அங்கேயும் ‘புதிய இந்தியா’.

திப்ரூகரில் இறங்கிய பிறகு இன்னொரு நீண்ட பயணத்துக்கும் அங்கேயே ஏறலாம். இந்தியாவிலேயே நீளமான ரயில் பாதை அந்த ஊரில்தான் தொடங்குகிறது. விவேக் எக்ஸ்பிரஸ், திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரி வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல். கப்பலுக்கு ஒன்றரை மாதம் பிடித்த தூரத்தைவிட அதிகத்தை இது மூன்று நாள் சொச்சத்தில் முடித்துவிடும். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் ஈரோட்டுக்கும் கோவைக்கும் வேலைக்கு வரும் பையன்கள் இதில்தான் வருகிறார்கள். கப்பல் கடந்து வந்த பாட்னாவின், பக்ஸரின், பாகல்பூரின் பையன்கள் வேறு ரயில்களில் வருகிறார்கள். பெட்டி எல்லாம் ஒரே மாதிரிதான். முன்பதிவில்லாப் பெட்டியில் அறை தேர்வு செய்யவும் வழிமுறைகள் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேல்தளம் என்பது சாமான் வைக்கும் பலகை. அங்கே மூன்று பேர் மடங்கிப் படுக்கலாம், இறங்கினால் இடம் போய்விடும், ஆகவே இறங்கக்கூடாது. நடுத்தளத்தில் நாலு பேர் இருக்கையில் எட்டுப் பேர். இரண்டு பலகைக்கு நடுவே துண்டைக் கட்டித் தூளி போட்டுக்கொண்டால் அது சூட். கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். அசல் பிரெஞ்சு பால்கனி அதுதான், காற்று பிய்த்துக்கொண்டு வரும், தூங்கிவிட்டால் விழுந்துவிடுவார்கள். கழிவறை வாசலில் செய்தித்தாள் விரித்தால் நாலு பேருக்கு இடம். உள்ளேயே இரண்டு பேர் நின்றுகொண்டு வருவதும் உண்டு. இவர்கள் கழிவுக்கும் தண்ணீருக்கும் சிறப்பு இயந்திரம் ஒன்றும் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் போதும். பாதி வழியில் நின்றுபோகும்.

கப்பல் திப்ரூகர் சேர்ந்த அதே வாரம், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். பாட்னா சட்டமன்றம் கொந்தளித்தது, அதிகாரிகள் குழு ஒன்று இங்கே ஓடிவந்தது, திருப்பூர் ரயில் நிலையத்தில் பயந்துபோன பையன்கள் பையோடு வந்து குவிந்தார்கள். பொய் என்று நிரூபணமானதும் எல்லோரும் நிம்மதியாகக் கலைந்துபோனார்கள். கங்கைக் கரையில் பிறந்தவன் 2,000 கிலோமீட்டர் தள்ளி வந்து பனியன் தைக்கிறானே, அங்கே அவனுக்கு என்ன குறை என்று எந்தச் சட்டமன்றத்திலும் அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாமும் கேட்கவில்லை. நமக்கு வேண்டியது ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள்.

விவேக் எக்ஸ்பிரஸில் வருகிறவர்களுக்கும் இறங்குமிடத்தில் ஒருவர் காத்திருப்பார். மாலை இருக்காது. ஏஜெண்ட். ஈரோட்டில் இறக்குவதா கோவையில் இறக்குவதா, சாயப்பட்டறையா செங்கல் சூளையா, பத்து பேருக்கு ஒரு தகர அறையா பதினைந்து பேருக்கா, எல்லாம் அவர் கணக்கு. அறை பற்றிக் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. பிளாட்பாரத்தில் தலையை எண்ணி முடித்ததும் அவர் முதலில் சொல்வது: “எல்லாரும் ஆதார் கார்டை எடுத்து இப்படிக் குடுங்க.”